புது பட்ஜெட் பேஸா, பழைய பிரீமியம் பேஸா? நெக்கைப் பார்த்து முடிவெடுங்கள்

கடையில் பெட்டி பிரிக்காத ஒரு மலிவு விலை பேஸ் கிட்டார்: யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, அல்லது ஸ்குவையர் அஃபினிட்டி. கையிருப்போடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், யாரோ பல வருடம் வாசித்துவிட்டு விற்கும், மெக்ஸிகோவில் செய்த ஃபெண்டர் ஒன்று. பேஸ் கிட்டார் வாங்கக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வாசிக்கும் நண்பர்கள் பழையதுதான் லாபம் என்பார்கள். வாரண்டி இல்லாததைத் தொடாதே என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. பழைய பிரீமியம் பேஸின் நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து, நன்றாக இருந்தால் அது லாபம். நெக் போயிருந்தால், தலையில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் அது சுவரில் மாட்டும் சாமான். பிக்கப் (ஸ்டிரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), பிரிட்ஜ் (பாடியில் ஸ்டிரிங்கைத் தாங்கும் பாகம்), பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்), டியூனிங் கீ எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நெக்கை மட்டும் நியாயமான செலவில் மாற்ற முடியாது.

முதலில் பட்ஜெட் பேஸில் பணம் எங்கே மிச்சம் பிடிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மரத்தில் என்று பலர் நினைக்கிறார்கள். பாடியும் நெக்கும் இன்று இந்தோனேசியாவிலும் கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷினில்தான் அறுபடுகின்றன, அமெரிக்காவிலும் அப்படித்தான். அளவில் பெரிய பிசகு வராது. மிச்சம் பிடிப்பது ஆள் கூலியில். ஃப்ரெட்களை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை) சமப்படுத்துவது, ஃப்ரெட் ஓரங்களை உருட்டுவது, நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்டிரிங்குகள் உட்காரும் சின்னப் பட்டையில்) பள்ளம் அறுப்பது என்று மனிதக் கை அதிக நேரம் வேலை செய்ய வேண்டிய இடங்களில் அவசரம் தெரியும். அடுத்தது சின்னச் சாமான்கள்: குட்டி பாட்கள், இளகிப்போகும் ஜாக், பல் தளர்ந்த டியூனிங் கீ, உள்ளே இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டிங் பெயிண்ட் இல்லாத குழி. இவை எல்லாமே சரிசெய்யக்கூடியவை என்பதுதான் புதுசுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டிய பெரிய விஷயம்.

நட்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் புது பட்ஜெட் பேஸ்களில் வரும் புகார்களில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. மிகத் தடித்த ஈ ஸ்டிரிங்கை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் ஸ்டிரிங்குக்கும் நடுவில் என்ன இடைவெளி என்று பாருங்கள். ஒரு தாள் கனம் இருந்தால் சரி. விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதாது. அப்போது ஓப்பன் ஈ (எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் வாசிப்பது) டியூனரில் சரியாக நிற்கும், முதல் ஃப்ரெட்டின் எஃப் மட்டும் ஷார்ப்பாக, அதாவது சுருதி ஏறிப் போகும். உயரத்தில் நிற்கும் ஸ்டிரிங்கை நட்டுக்குப் பக்கத்திலேயே கீழே அழுத்தும்போது அது இழுபட்டு இறுகுகிறது, அதுதான் காரணம். இது தெரியாமல் பிரிட்ஜில் ஸ்டிரிங் உட்காரும் சாடிலைத் திருகித் திருகி, இன்டொனேஷனையே (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பதை) குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. மருந்து, ஸ்டிரிங்கின் கனத்துக்கு ஏற்ற நட் அரத்தால் பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது. சாதாரண அரத்தை வைத்து வீட்டில் முயல வேண்டாம். ஒரு இழுப்பு அதிகமானால் ஓப்பன் ஸ்டிரிங் முதல் ஃப்ரெட்டில் உராய்ந்து இரையும், பிறகு புது நட்தான்.

ஃப்ரெட் ஓரம் கையைக் கிழிப்பதும் புதுசின் வியாதிதான். முழுதாகப் பதப்படாத ஃப்ரெட்போர்டு காய்ந்து சுருங்குகிறது, உலோகம் சுருங்காது, அதனால் ஓரம் வெளியே நீட்டிக்கொள்ளும். சென்னைக் கடையில் ஈரக்காற்றில் தடவிப் பார்க்கும்போது வழவழப்பாக இருந்த நெக், ஏசி அறையில் இரண்டு மாதம் இருந்தபின் முள்ளாகும். கிட்டார் ரிப்பேர் செய்பவர் அரத்தால் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்துக் கொடுப்பார். ஒரு முறை செய்தால் போதும், மரம் அதன்பின் பெரிதாகச் சுருங்காது.

இனி பழையது. விற்பவர் வீட்டுக்குப் போகும்போது உடன் எடுத்துப்போக வேண்டியவை: டியூனர், நன்றாக வேலை செய்யும் கேபிள், மல்டிமீட்டர், ஒரு ஸ்டீல் ஸ்கேல், நுண்ணிய இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ். பைக் மெக்கானிக் டாப்பெட் கிளியரன்ஸ் பார்க்க வைத்திருக்கும் அதே ஃபீலர் கேஜ் போதும். ஸ்டிரிங்குகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேப்போ இருந்தால் வசதி.

பேஸைக் கையில் வாங்கியதும் முதல் வேலை டியூன் செய்வது. ஸ்டிரிங் தளர்ந்திருக்கும்போது எந்த நெக்கும் நேராகத்தான் தெரியும். 45–105 செட் (0.045 முதல் 0.105 இஞ்ச் கன ஸ்டிரிங்குகள்) போட்டு வழக்கமான ஈ, ஏ, டி, ஜி சுருதியில் டியூன் செய்தால் நெக்கின் மேல் கிட்டத்தட்ட 75 கிலோ இழுப்பு விழுகிறது. அந்தப் பாரத்தில் கால் மணி நேரம் இருந்தபின் பார்ப்பதுதான் உண்மை. அந்த நேரத்தில் விற்பவரோடு பேசலாம்: எந்த வருடம் வாங்கியது, எதையாவது மாற்றினாரா, எங்கே வைத்திருந்தார்.

பிறகு பாடிப் பக்கம் கண்ணை வைத்து, நெக்கின் ஓரத்தைத் தலை வரை ஓட்டிப் பாருங்கள். ஈ பக்கம் ஒரு முறை, மெல்லிய ஜி பக்கம் ஒரு முறை. இரண்டு ஓரமும் ஒரே மாதிரி லேசாகக் குழிந்திருந்தால் நல்லது. ஒன்று குழிந்து மற்றது நேராகவோ எதிர்ப்பக்கமாகவோ இருந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட், நெக்கின் நடுவில் ஓடும் ஒற்றைக் கம்பி, முறுக்கை அதனால் எடுக்க முடியாது. விலை எவ்வளவு இறங்கினாலும் எழுந்து வந்துவிட வேண்டிய இடம் இது.

முறுக்கு இல்லையென்றால் ரிலீஃப், அதாவது நெக்கின் லேசான குழிவு எவ்வளவு என்று அளக்கலாம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, நெக் பாடியோடு சேரும் ஃப்ரெட்டில் ஈ ஸ்டிரிங்கை அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜால் பாருங்கள். ஃபெண்டர் சொல்லும் கணக்கு: குறுக்கே 9.5 முதல் 12 இஞ்ச் ரேடியஸில் வளைந்த ஃப்ரெட்போர்டுக்கு 0.012 இஞ்ச், அதாவது 0.3 மில்லிமீட்டர், பழைய பாணி 7.25 இஞ்ச் ரேடியஸுக்கு 0.014 இஞ்ச். அதைவிடக் கூடுதலாக இருப்பது குற்றமில்லை, ட்ரஸ் ராட் திரும்பினால் போதும். கேள்வியே அது திரும்புமா என்பதுதான். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, சரியான அளவு ஆலன் கீயால் முதலில் கால் சுற்று தளர்த்துங்கள், பிறகு கால் சுற்று இறுக்குங்கள். தளர்த்தும்போது ரிலீஃப் கூட வேண்டும், இறுக்கும்போது குறைய வேண்டும். கடைசி வரை இறுக்கியும் நெக் குழிந்தே இருந்தால் ராடின் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராடின் முனையிலுள்ள திருகு நட்டுக்கு அடியில் வாஷர் போட்டு இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று ரிப்பேர் செய்பவர்கள் சொல்வார்கள். சில சமயம் நடக்கும், ஆனால் அந்த நம்பிக்கையை விலையில் சேர்த்துக்கொள்ளாதீர்கள். ட்ரஸ் ராடைத் தொடவே கூடாது என்று விற்பவர் பிடிவாதமாக மறுத்தால், காரணம் எதுவாக இருந்தாலும் அந்த பேஸை விட்டுவிடுவதே நல்லது.

இன்னொரு ஒளிந்த குறை, நெக்கின் கடைசி ஐந்தாறு ஃப்ரெட்கள் மேலே எழும்பியிருப்பது. பாடியோடு சேருமிடத்துக்கு அந்தப் பக்கம் ராடின் பிடி எட்டாது. 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் வாசித்தால் எல்லா ஸ்டிரிங்கும் ஒரே மாதிரி இரைவது இதன் அடையாளம். ஃப்ரெட்களைத் தேய்த்துச் சமப்படுத்தினால் தீரும், ஃப்ரெட்டில் தேய்க்கும் அளவு உயரம் மிச்சமிருந்தால். புது மீடியம் ஜம்போ ஃப்ரெட் ஏறத்தாழ 1.1 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். முதல் ஐந்து ஃப்ரெட்டில் ஈ, ஏ ஸ்டிரிங்குகளுக்கு அடியில் ஓடை மாதிரிப் பள்ளம் விழுந்து, மேல்பக்கம் தட்டையாகி, 0.6 மில்லிமீட்டர் அளவுக்கு வந்திருந்தால் புது ஃப்ரெட் போடத்தான் வேண்டும். மேப்பிள் போர்டில் வார்னிஷ் இருப்பதால் அந்த வேலைக்குக் கூலி இன்னும் அதிகம். சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் ஸ்டீல் ஸ்டிரிங் போட்டு, கட்டைவிரலால் அடித்து ஸ்லாப் வாசித்தவரின் பேஸில் இந்தத் தேய்மானம் சீக்கிரம் வரும். வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் போட்டுப் பழைய பாட்டு வாசித்தவருடையது இருபது வருடத்திலும் புதுசு போல இருக்கும்.

ஒவ்வொரு ஸ்டிரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் ஆம்ப் இல்லாமல் வாசித்துப் பார்த்தே ஆக வேண்டும். ஜி ஸ்டிரிங்கில் ஐந்திலிருந்து ஏழு வரை கவனமாகக் கேளுங்கள். ஃபெண்டர் பாணி நெக்குகளில் அங்கே ஏதாவது ஒரு ஸ்வரம் மற்றவற்றைவிடச் சட்டென்று செத்துப்போகும். நெக்கின் சொந்த அதிர்வு அந்த ஸ்வரத்தின் சக்தியை விழுங்குவதால் வருவது இது. லட்ச ரூபாய் பேஸிலும் உண்டு, ரிப்பேர் குறை அல்ல. லேசாக இருந்தால் பேண்டோடு வாசிக்கும்போது தெரியாது. அரை வினாடியில் அணைந்துபோனால், உங்கள் பாட்டுகளில் அந்த ஸ்வரம் எவ்வளவு வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிப்ஸன் தண்டர்பேர்ட் மாதிரி தலை பின்னால் சாய்ந்த மஹாகனி நெக் என்றால், நட்டுக்குப் பின்புறம் நகத்தால் தடவிப் பாருங்கள். கீழே விழுந்தால் அங்கேதான் முறியும். நன்றாக ஒட்டிய முறிவு பல வருடம் தாங்கும், ஆனால் அது பாதி விலைச் சரக்கு. மறைத்து விற்கிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். விளக்கைச் சாய்வாகக் காட்டினால் பளபளப்பு மாறுவது தெரியும்.

எலெக்ட்ரிக் பக்கத்துக்கு ஆம்ப் தேவையில்லை, மல்டிமீட்டரே பாதி வேலையை முடித்துவிடும். கேபிளை பேஸில் சொருகி, மறுமுனை பிளக்கின் நுனியில் ஒரு முள்ளும் தண்டில் ஒரு முள்ளும் வைத்து, வால்யூமை முழுக்கத் திறந்து ஓம்ஸ் பாருங்கள். பாஸிவ் (பேட்டரி இல்லாத) பிரிஸிஷன் என்ற ஃபெண்டர் மாடல் பேஸ் என்றால் 10 கிலோ ஓம் பக்கம் காட்டும். ஃபெண்டரின் இரண்டு பிக்கப் மாடலான ஜாஸ் பேஸில் ஒரு வால்யூமை மூடிவிட்டு மற்றதைத் திறந்தால் 7-ஐ ஒட்டி வரும், இரண்டையும் திறந்தால் அதில் பாதி. 200 கிலோ ஓமுக்கு மேல் காட்டினால் பிக்கப்பின் காயில் அறுந்துவிட்டது, மீட்டர் பார்ப்பது வெறும் 250 கிலோ ஓம் பாட்டை மட்டும். கடற்கரை ஊர்களில் இது அதிகம். பிக்கப்பின் காந்தத் துண்டில் துரு பிடித்து, அதை ஒட்டிச் சுற்றியிருக்கும் தலைமுடிக் கனக் கம்பியை அரித்துவிடும். மெட்ராஸில் பல வருடம் இருந்த பேஸ் என்றால் காந்தத் தலைகளையும் சாடிலின் குட்டி ஸ்குருக்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பாட் கரகரப்பது பொருட்டே இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் இரண்டு அழுத்து அழுத்திப் பத்து முறை திருகினால் போய்விடும், போகாவிட்டால் புது பாட். ஹம் சத்தம் கேட்டால் ஸ்டிரிங்கைத் தொட்டுப் பாருங்கள்: தொட்டதும் குறைந்தால் பிரிட்ஜ் கிரவுண்ட் சரியாக இருக்கிறது, எதுவும் மாறாவிட்டால் கிரவுண்ட் வயர் விட்டிருக்கலாம், தொட்டதும் கூடினால் ஜாக்கில் வயர் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆம்ப் சொருகியிருக்கும் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், வீட்டு வயரிங் பழியை பேஸ் மேல் போடக்கூடாது.

பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸ் என்றால் மேலே சொன்ன ஓம்ஸ் கணக்கு செல்லாது. நடுவில் சிக்னலைப் பெருக்கும் பிரியாம்ப் உட்கார்ந்திருக்கும். பேட்டரி அறையைத் திறந்து பச்சைப் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள், புது 9 வோல்ட் பேட்டரி போட்டு பேஸ், டிரெபிள் குமிழ்கள் எல்லாவற்றையும் திருகிக் கேளுங்கள். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே முதல் எல்லாப் புகழ்பெற்ற ஆக்டிவ் பேஸ்களுக்கும் பொருந்துகிற பேச்சு: பிரியாம்ப் போனால் அதே பாகம் கிடைப்பது நிச்சயமில்லை. வேறு பிரியாம்ப் போட்டால் வாசிக்கலாம், விற்கும்போது விலை விழும்.

பெயரை நம்பி ஏமாறுகிற ஆபத்து ஃபெண்டரில்தான் அதிகம். ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையரின் நெக்கில் ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டி விற்பது பழைய வித்தை. சீரியல் எண்ணை ஃபெண்டர் தளத்தில் போட்டுப் பாருங்கள், ஆனால் எண்ணையும் நகல் எடுக்கலாம் என்பதால் அதோடு நிற்காதீர்கள். ஃப்ரெட்போர்டு மரம் ஒரு நல்ல சாட்சி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்தி உட்பட ரோஸ்வுட் வகைகள் எல்லாம் 2017 ஜனவரியில் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும், மெக்ஸிகோ ஃபெண்டர் பாவ் ஃபெர்ரோ என்ற மரத்துக்கு மாறியது. ஸ்குவையர் இந்தியன் லாரலுக்கு, அதாவது நம்மூர் கருமருதுக்குப் போனது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்தபிறகும் பல மாடல்கள் பழைய மரத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே 2019 பிளேயர் சீரிஸ் மெக்ஸிகோ, ரோஸ்வுட் போர்டு என்று ஒருவர் சொன்னால், அவருக்கு மரம் தெரியவில்லை, அல்லது நெக் வேறு எங்கிருந்தோ வந்தது. சத்தத்தில் இந்த மரங்களுக்குள் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. அடையாளத்துக்கு மட்டும்தான் இந்தப் பேச்சு.

விலை பேசும்போது ஒரு எளிய கணக்கு: கேட்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கைச் செட்டப், ஸ்டிரிங், சில்லறைப் பழுதுக்கு என்று மனதில் ஏற்றிவிடுங்கள். ஃப்ரெட் வேலை தேவை என்றால் அதைத் தனியாகக் கழித்துப் பேசுங்கள். ஒரிஜினல் பிக்கப்பை எடுத்துவிட்டு வேறு போட்டிருந்தால் பழையதையும் சேர்த்துக் கேளுங்கள். டிராயரில் கிடக்கும் அந்தப் பிக்கப் இல்லாமல் நாளை நீங்கள் விற்கும்போது விலை தேறாது. ஸ்ட்ராப் பட்டன் ஆடுவது, ஸ்குரு ஓட்டை பெருத்தது போன்றவற்றைப் பேரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஓட்டையில் ஃபெவிகால் தடவிய இரண்டு டூத்பிக்கைச் செருகி, காய்ந்ததும் ஸ்குரு ஏற்றினால் அது முடிந்த வேலை.

யாருக்கு எது என்று கேட்டால், முதல் பேஸ் வாங்குகிறவருக்கு, கூட வந்து நெக் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லையென்றால், புதுசுதான். இன்னும் ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்டிரிங் நிற்கும் உயரம்) அதிகமா தன் விரல் பலமில்லையா என்று பிரித்தறியத் தெரியாத நிலையில் பழைய பேஸின் குறையெல்லாம் தன் குறையாகத் தோன்றும். வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை ஆம்புக்கு நிறுத்துவதும் முக்கியம். ஓப்பன் ஈ 41 ஹெர்ட்ஸ். எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த சின்ன பிராக்டிஸ் ஆம்பில் அந்த அடிச்சத்தம் வெளியே வரவே வராது. அந்த ஆம்பில் ஸ்டிங்ரேயையும் ஸ்குவையரையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வது கடினம்.

இரண்டு மூன்று வருடம் வாசித்து, பிரிஸிஷனின் அகல நெக் வேண்டுமா, நட்டில் 38 மில்லிமீட்டர் உள்ள ஜாஸின் ஒல்லி நெக் வேண்டுமா என்று கைக்குத் தெரிந்தவர் பழையதைத் தேடலாம். புதுசு கடை வாசலைத் தாண்டியதும் விலை இறங்கும். அந்த இறக்கத்தை ஏற்கெனவே வேறொருவர் சுமந்துவிட்ட பேஸை வாங்கி இரண்டு வருடம் வாசித்தால், ஏறத்தாழ அதே விலைக்கு விற்கவும் முடியும். ஐந்து ஸ்டிரிங் பேஸ் என்றால் எங்கள் வாக்கு இன்னும் அழுத்தமாகப் பழைய பிரீமியத்துக்கே. 31 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் லோ பி ஸ்டிரிங், இறுக்கமில்லாத நெக்கிலும் மலிவான பிரிட்ஜிலும் தொளதொளத்து ஸ்வரம் தெளியாமல் போகும். செட்டப் செய்து தீர்க்கக்கூடிய குறையல்ல அது.

புதுசை வாங்கிவிட்டு ‘அப்கிரேட்’ செய்துகொள்ளலாம் என்ற திட்டத்துக்கு ஒரு எல்லை வையுங்கள். நல்ல ஸ்டிரிங், முழு செட்டப், நட், தேவைப்பட்டால் ஃப்ரெட் சமப்படுத்தல்: இவற்றுக்குச் செலவழிக்கலாம், வாசிப்பில் திரும்பக் கிடைக்கும். பிக்கப்பும் ஹெவி பிரிட்ஜும் போட்டால் அந்தப் பணம் மறுவிற்பனையில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது, அந்தத் தொகையைப் பழைய பேஸ் பக்கம் வைத்திருக்கலாம்.

வெளியூரிலிருந்து பார்சலில் வருகிறது என்றால், ஸ்டிரிங்குகளை ஒன்றிரண்டு ஸ்வரம் மட்டும் தளர்த்தி, தலைக்கு அடியில் நெக்கைத் தாங்கும்படி துணியோ ஃபோமோ வைத்து, ஹார்ட் கேஸில் அனுப்பச் சொல்லுங்கள். வந்த உடனே பெட்டியைத் திறந்து டியூன் செய்து, ஒரு நாள் அப்படியே விடுங்கள். மழைக்காலமானால் இரண்டு நாள். அடுத்து ரிலீஃப் 0.3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தபிறகு, 17-ஆவது ஃப்ரெட்டில் ஈ பக்கம் 2.4, ஜி பக்கம் 2 மில்லிமீட்டர் உயரம் வரும்படி சாடிலைத் திருகுங்கள். கடைசியாக இன்டொனேஷன்: 12-ஆவது ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் ஸ்வரம் அங்கேயே ஸ்டிரிங்கை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கைவிட ஷார்ப்பாக இருந்தால் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், ஃப்ளாட்டாக இருந்தால் முன்னுக்கு. சாடில் ஸ்குரு துருப்பிடித்து அசையவில்லையென்றால் பலம் காட்டாதீர்கள், தலை வழுக்கிவிடும். பிரிட்ஜைக் கழற்றி எடுத்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்துக் காலையில் திருகுங்கள்.